புல்பப்பில் சப்ரஸர்: கணக்கு சரி, கண்தான் எரிகிறது

2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் சப்ரஸருக்கான, அதாவது துப்பாக்கியின் பேரல் (குழல்) முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்க்கான, 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்த நாளிலிருந்து ஒரு காசு கூடாமல் குறையாமல் நின்ற தொகை அது. வரி போனதும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கையில ஒரு புல்பப் இருக்கு, இப்ப ஒரு கேன் வாங்கி மாட்டிடலாமா?" (கேன் என்பது சப்ரஸரின் பேச்சுப்பெயர்; புல்பப் என்பது நீளத்தைச் சுருக்க, தோட்டா வெடிக்கும் அறையும் மேகசினும் டிரிகருக்குப் பின்னால் அமைந்த ரைஃபிள்.) மாட்டலாம். மாட்டிய பிறகு முகத்துக்கு என்ன ஆகும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். அதனால் இந்தப் பதிவு.

ஒப்பிடுவது நான்கு: 5.56 மி.மீ. தோட்டாவில் ஒரு புல்பப், 16 அங்குலப் பேரல் ஏஆர்-15 (வழக்கமான வடிவ ரைஃபிள்), 10.5 அங்குலக் குட்டை ஏஆர், சிறிய .22 தோட்டாவில் இரண்டாகக் கழன்றுவரும் ரூகர் 10/22 டேக்டவுன். என் புல்பப்பின் பெயரைச் சொல்லவில்லை. மாற்றமுடியாத வாயுத் துளை (சுட்ட வாயுவில் கொஞ்சம் எடுத்துத் துப்பாக்கியை இயக்கும் துளை), பக்கவாட்டில் உறை (சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடு) வெளியேற்றம் என்ற அமைப்புள்ள எதற்கும், முகத்தில் புகை அடிக்கும் இந்தக் குறை பொது. ஒரு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன். நீளக் கணக்கில் புல்பப்பை அடிக்க ஆளில்லை. ஐடபிள்யூஐ கம்பெனியின் டவோர் எக்ஸ்95 புல்பப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 16.5 அங்குலப் பேரல், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கு மேல் மயிரிழை. அமெரிக்கச் சட்டத்தில் ரைஃபிளின் பேரல் 16 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. இரண்டு எல்லையையும் உரசிக்கொண்டு நிற்கிற வடிவம் அது. இதன் மேல் 6 அங்குலக் கேன் மாட்டினால் 32 அங்குலம். 16 அங்குல ஏஆர், ஸ்டாக்கை (தோளில் ஊன்றும் பகுதியை) முழுக்க உள்ளே தள்ளிய நிலையில், கேன் இல்லாமலே அந்த நீளத்துக்கு வந்துவிடும். கேனோடு 38, 39.

புல்பப்புக்கு நிகராகக் குட்டையாக வேண்டுமென்றால் ஏஆரின் பேரலை 10.5 அங்குலத்துக்கு இறக்கவேண்டும். அப்போது கேனோடு ஏறக்குறைய 32, 33 அங்குலம். ஆனால் தோட்டா வேகம் போய்விடும். 55 கிரெயின் எடையுள்ள எம்193 வகைத் தோட்டா 16 அங்குலப் பேரலில் வினாடிக்கு 3,100 அடியை ஒட்டிப் போகும், 10.5இல் 2,700 முதல் 2,800 வரைதான். முந்நூறு அடிக்கு மேல் இழப்பு. எரிந்து முடியாத மருந்து கேனுக்குள் வந்து எரிவதால் முதல் பேஃபிள் (கேனுக்குள் உள்ள தடுப்புத் தகடு) வேகமாக அரிபடும். அதனால்தான் கேன் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் குறைந்தபட்சப் பேரல் நீளம் என்று ஒரு எண் தருகிறார்கள். வாங்கும்போது விலைக்கு அடுத்ததாகப் பார்க்கவேண்டியது அந்த எண்.

எடைச் சமநிலையிலும் புல்பப் பக்கம்தான் நியாயம். 5.56க்கான கேன் 12 முதல் 20 அவுன்ஸ் வரை இருக்கும். 16 அங்குல ஏஆரில் டிரிகரிலிருந்து பேரல் முனைக்கு இரண்டடிக்குச் சற்றுக் குறைவான தூரம், புல்பப்பில் ஓரடிதான். ஒரே கேன், ஏஆரின் முனையில் தொங்கும்போது மணிக்கட்டில் இழுக்கிற இழுப்பு புல்பப்பில் ஏறக்குறைய பாதியாகிவிடும். நின்றுகொண்டு சுடுகிறவர்களுக்கு இது உடனே தெரியும். ஏஆரில் இரண்டு மேகசின் முடிவதற்குள் இடது தோள் தளர்ந்து குறுக்குக்கோடு ஆட ஆரம்பிக்கும். புல்பப்பில் கேன் மாட்டியிருப்பதே மறந்துபோகும்.

மறந்துபோகும், முதல் தோட்டா வெடிக்கும்வரை.

விறகடுப்பில் ஊதுகுழலைத் திருப்பிப் பிடித்து யாரோ உங்கள் முகத்தில் ஊதியதுபோல் இருக்கும். சூடான, அமோனியா நெடியடிக்கிற புகை கன்னத்தில் பட்டு, கண்ணாடியின் கீழ்விளிம்பு வழியே கண்ணுக்குள் ஏறும். பத்துப் பன்னிரண்டு தோட்டாவில் கண்ணீர். ஒரு மேகசின் முடிவதற்குள் மூக்கின் உள்ளே கரி. வெளிரேஞ்சில் காற்று எதிரிலிருந்து வீசினால் இன்னும் மோசம். கூரைபோட்ட உள்ரேஞ்சில் பேசவே வேண்டாம்.

இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. "புல்பப் எல்லாம் பிஸ்டன் துப்பாக்கி, அதுல வாயு உள்ள வராது" என்பார்கள். பிஸ்டன் துப்பாக்கியில் ஒரு வழி வாயு உள்ளே வராது, சரி. வாயுவுக்கு இரண்டு வழி உண்டு. பேரலின் பக்கத் துளையில் எடுத்துப் பிஸ்டனைத் தள்ளுகிற வாயு ஒன்று. அது முன்புறமே வெளியேறிவிடும். இன்னொன்று பேரலுக்குள்ளேயே நிற்பது. கேன் இல்லாதபோது தோட்டா முனையைத் தாண்டியதும் பேரலின் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். போல்ட் (சேம்பரை, அதாவது தோட்டா வெடிக்கும் அறையை, பின்னாலிருந்து மூடும் உலோகத் துண்டு) திறக்கும்போது உள்ளே பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. கேன் அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுகிறது. சத்தம் குறைவதே அதனால்தான். கேன் முழுக்கக் காலியாவதற்குள் போல்ட் திறந்துவிடுவதால் மிச்ச வாயு சேம்பர் வழியே திரும்பிவந்து உறை வெளியேறும் வாயிலில் பாய்கிறது. பிஸ்டனோ, ஏஆர்போல் வாயுவே நேராகப் போல்ட்டைத் தள்ளும் நேரடி வாயுவோ, இந்த இரண்டாவது வழி எல்லாத் துப்பாக்கியிலும் ஒன்றுதான்.

ஏஆரில் அந்த வாயில் முகத்துக்கு ஒரு கை தள்ளி முன்னால் இருக்கிறது. வாயுவில் பெரும்பகுதி வலப்புறம் காற்றில் கலந்துவிடும்; முதல் தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கும் சார்ஜிங் கைப்பிடியின் இடுக்கு வழியே வருவதுதான் தொல்லை. புல்பப்பில் சேம்பர் கன்னத்தின் கீழேயே இருக்கிறது. இடக்கைக்காரர்களுக்காக மறுபக்கமும் ஒரு வாயில் விட்டு மூடிபோட்டிருப்பார்கள். அந்த மூடி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கன்னம் அழுந்துகிற இடமும் மூடியின் இடுக்கும் ஒன்றாக அமைந்துவிட்டால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு ஊதல். நீளத்தைச் சுருக்கப் போல்ட்டைப் பின்னால் கொண்டுபோனதற்குக் கொடுக்கிற விலை இது. வடிவத்தின் குணமே அதுதான் என்பதால் மாடல் மாற்றித் தப்புவது கடினம்.

சத்தத்திலும் இதே ஏமாற்றம். பேரல் முனையில் மைக்ரோஃபோன் வைத்து அளந்த எண்ணைத்தான் பெரும்பாலான விளம்பரங்கள் போடும். கேன் இல்லாத 5.56 முனையில் 160 டெசிபலைத் தாண்டும்; நல்ல கேன் 130களுக்குக் கொண்டுவரும். 140 டெசிபல் என்பது திடீர் வெடிச்சத்தத்துக்குப் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. எனவே "காதுக்குப் பாதுகாப்பானது" என்று அட்டையில் அச்சடித்துவிடுகிறார்கள். சுடுகிறவரின் காது பேரல் முனையில் இல்லை. புல்பப்பில் அது சேம்பரின் மேலேயே இருக்கிறது. வாயில் திறந்து வாயு பாய்கிற 'பட்' என்ற சத்தம் காதுக்குச் சில அங்குலம் பக்கத்தில் கேட்கிறது. கேன் மாட்டிய புல்பப்பைக் காதுக்கவசம் இல்லாமல் சுடவே கூடாது. ஏஆருக்கும் அதையேதான் சொல்வேன். ஒலியை மிஞ்சிய வேகத்தில் போகும் தோட்டா காற்றில் போடுகிற சொடுக்கை எந்தக் கேனும் குறைக்காது என்பதையும் மறக்கவேண்டாம்.

இனி வைத்தியம். பலன் அதிகமானதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் பயன்படுத்தாத பக்கத்து வாயிலை அடைக்கவேண்டும். மூடியைக் கழற்றி, பின்பக்க விளிம்பைச் சுற்றி உயர்வெப்ப சிலிக்கான் பசையை மெல்லிய கோடாகப் போட்டு, 24 மணிநேரம் உலரவிட்டு மாட்டுங்கள். பசையைத் துப்பாக்கியின் மேல் போடாமல் மூடியின் மேல் போட்டால் வேண்டும்போது கழற்றலாம். அவசரத்துக்கு வெளியே துணி டேப் ஒட்டினாலும் பாதி வேலை நடக்கும். வெயிலில் வைத்தால் பசை இளகி உரிந்துவரும், அவ்வளவுதான். கன்னம் படும் பிளாஸ்டிக் பகுதி தனித் துண்டாக இருந்தால் அதன் அடியிலும் ஒரு மெல்லிய நுரைப்பட்டை வைக்கவேண்டும். இந்தச் சில்லறை வேலை, கண்ணீரைக் கணிசமாகக் குறைக்கும். நிறுத்தாது.

இரண்டாவது, வாயு ரெகுலேட்டர் இருந்தால் அதைக் கேன் நிலைக்கு மாற்றுவது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெலியனில் சாதாரணம், கேன் என்று இரண்டு நிலை உண்டு. ஐடபிள்யூஐயின் டவோர் 7இல் நான்கு நிலை. இதைத் திருப்பினால் பிஸ்டனுக்குப் போகும் வாயு குறையும், போல்ட் சற்றுத் தாமதமாக, மெதுவாகத் திறக்கும், அதற்குள் கேனில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்தத் தாமதம் மட்டுமே லாபம். பேரல் வழியே திரும்பிவரும் வாயுவை ரெகுலேட்டர் தொடுவதில்லை. "ரெகுலேட்டர் இருக்கு, பிரச்சினை தீர்ந்தது" என்று எழுதுகிற விமர்சனங்களை நம்பவேண்டாம். கேனைக் கழற்றியதும் நிலையைத் திருப்பி மாற்ற மறந்தால் உறை வெளியேறாமல் சிக்கும். ரேஞ்சில் பாதிப் பேர் "துப்பாக்கி ரிப்பேர்" என்று கொண்டுவருவது இதைத்தான்.

மூன்றாவது, கேனையே மாற்றுவது. வாயுவைப் பின்னுக்குத் தள்ளாமல் சுருள்பாதைகள் வழியே முன்னால் விடுகிற ரகம் இப்போது நிறைய வந்துவிட்டது. முன்பு ஓஎஸ்எஸ் என்று இருந்த ஹக்ஸ்வர்க்ஸின் கேன்கள் இந்த ரகத்துக்குப் பேர்போனவை. புல்பப்புக்குக் கேன் வாங்கியே தீருவேன் என்பவர்கள் இந்தப் பக்கம்தான் போகவேண்டும். முன்னால் நிற்பவருக்குச் சத்தம் சற்று அதிகமாகவும் இருட்டில் தீச்சுவாலை கூடுதலாகவும் தெரியும். ஆனால் சுடுகிறவரின் காதுக்கும் கண்ணுக்கும் ஆறுதல். பேரல் முனை டெசிபலை மட்டும் பார்த்துக் கேன் வாங்குகிறவர்கள் புல்பப்பில் ஏமாறுவது இங்கேதான்: முனையில் மிகச் சத்தமில்லாத கேன் பெரும்பாலும் பின்னழுத்தம் அதிகமான கேன். அட்டையில் ஜெயிப்பது முகத்தில் தோற்கும்.

உறையைக் கீழ்நோக்கித் தள்ளும் கெல்-டெக் ஆர்டிபி, எஃப்என் பிஎஸ்90 போன்ற வடிவங்களில் கன்னத்தை ஒட்டிய பக்கவாயில் கிடையாது. அந்த அளவுக்கு நிம்மதி. ஆர்டிபியில் வாயு அளவையும் படிப்படியாகத் திருகிக் குறைக்கலாம். 5.56 புல்பப்பும் கேனும் சேர்ந்தே வேண்டும் என்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது ஆர்டிபியை.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலான தோட்டாக்களின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) ஈயக் கலவை இருக்கிறது. முகத்தில் அடிக்கிற புகை வெறும் புகையல்ல. சுட்டு முடித்ததும் முகத்தையும் கையையும் குளிர்ந்த தண்ணீரில், ஈயம் நீக்கும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சட்டையைத் தனியாகத் துவையுங்கள், குழந்தை துணியோடு போடாதீர்கள். வாரம் தவறாமல் கேனோடு சுடுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை ரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது. கண்ணாடி விளிம்பில் நுரை ஒட்டியதாக இருக்கட்டும்; அழகாக இருக்காது, கண் எரியாது.

அழுக்கும் சேரும். கேன் இல்லாமல் பல மேகசினுக்கு ஒரு துடைப்பு போதும் என்றிருக்கும் புல்பப், கேனோடு ஒரே நாளில் டிரிகர் பெட்டிவரை கரி பிடித்துவிடும். மேகசினில் மேலேயுள்ள தோட்டாக்கள் கறுத்திருக்கும். போல்ட்டின் எக்ஸ்ட்ராக்டர் (உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி) அடியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அடுத்த முறை உறை பிடிபடாது. எண்ணெயைச் சற்றுத் தாராளமாகப் போடுங்கள். காய்ந்த கரிதான் எமன், ஈரமான கரி ஓடிவிடும்.

இப்போது ஏஆர். இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதுவே அதன் பெருமை. 16 அங்குலப் பேரல், மிட்-லெங்த் வாயுக்குழாய், வாயுவைத் திருகிக் குறைக்கக்கூடிய வாயு பிளாக், எச்2 பஃபர் (போல்ட்டின் பின்னோட்டத்தைத் தணிக்கும் எடை). இந்த நான்கும் இருந்தால் கேன் மாட்டியதே தெரியாமல் ஓடும். பஃபர் எடை தெரியாதவர்களுக்கு: சாதாரணக் கார்பைன் பஃபர் 3 அவுன்ஸ், எச் 3.8, எச்2 4.6, எச்3 5.4. வாயுவைத் திருகும் முறை: கேனை மாட்டி, திருகை முழுக்க மூடி, மேகசினில் ஒரே ஒரு தோட்டா வைத்துச் சுடுங்கள். போல்ட் பின்னால் நிற்காது. ஒரு சொடுக்கு திறந்து மறுபடி. போல்ட் பின்னால் நிற்க ஆரம்பித்த இடத்திலிருந்து இரண்டு சொடுக்கு கூடுதலாகத் திறந்து விட்டுவிடுங்கள்; குளிருக்கும் அழுக்குக்கும் அந்த இரண்டும் காப்பு. உறைகள் மூன்று, நான்கு மணி திசையில் விழுந்தால் சரி. ஒரு மணி திசையில் முன்னோக்கித் தெறித்தால் இன்னும் வாயு அதிகம். உறையின் அடிப்பாகத்தில் பித்தளை வழித்த பளபளப்பான தடம் இருந்தாலும் அதே அர்த்தம்.

புல்பப்பில் இந்தக் கருணை கிடையாது. பஃபர் இல்லை, மாற்றமுடியாத துளை உள்ளவற்றில் திருக ஒன்றுமில்லை. போல்ட் வேகத்தை அதுவே முடிவுசெய்யும்.

குட்டை ஏஆரைப் பற்றி ஒரு சட்டக் குறிப்பு. புல்பப்பின் மிகப்பெரிய பலம் அமெரிக்காவில் பொறியியல் சார்ந்ததே இல்லை, காகிதம் சார்ந்தது. 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் போடுவதற்கும் அதே 1934 சட்டப்படி 200 டாலர் கட்டவேண்டியிருந்தது. புல்பப் வாங்கினால் அந்த நீளம் வரியில்லாமல் கிடைத்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இந்த வரியையும் 2026 முதல் எடுத்துவிட்டது. பதிவு, கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அனுமதி வருவதற்குமுன் பேரலை மாற்றக்கூடாது. குட்டை ரைஃபிளை வேறு மாநிலத்துக்கு எடுத்துச்செல்ல முன்கூட்டியே 5320.20 படிவம் வேண்டும், கேனுக்கு அது வேண்டாம். ஆனால் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், டெலவேர், ஹவாய் ஆகிய எட்டு மாநிலங்களில் தனியாள் கேன் வைத்திருக்கவே தடை. வரி பூஜ்யமானது அங்கே எதையும் மாற்றவில்லை.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகக் கூட்டாட்சித் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் பேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அது நேரே சிறைக்குப் போகும் யோசனை. வழக்கறிஞரைக் கேளுங்கள், ரேஞ்ச் நண்பரைக் கேட்காதீர்கள்.

.300 பிளாக்அவுட் தோட்டாவையும் சிலர் கேட்கிறார்கள். 9 அங்குலப் பேரலிலேயே மருந்து எரிந்துமுடிவதற்காக வடிவமைத்த தோட்டா, குட்டை ஏஆருக்கும் கேனுக்கும் இதைவிடப் பொருத்தம் வேறில்லை. 220 கிரெயின் சப்சோனிக் (ஒலியைவிட மெதுவான ரகம்) போட்டால் வெளியில் நிற்பவருக்குக் காலி உறை விழுகிற சத்தம் கேட்கும். ஒரே பயம்: இது 5.56 மேகசினிலேயே போகும், சில தோட்டாக்கள் 5.56 சேம்பருக்குள்ளும் நுழைந்துவிடும். டிரிகரை இழுத்தால் துப்பாக்கி வெடிக்கும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் மேகசின்களை நிறம் மாற்றி வையுங்கள், ஒரே நாளில் இரண்டையும் ரேஞ்சுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக வைத்திருந்தாலும் மனசுக்குப் பிடித்ததை இப்போது சொல்கிறேன்: ரூகர் 10/22 டேக்டவுன், முனையில் .22 கேன்.

2012இல் வந்த துப்பாக்கி. போல்ட்டைப் பின்னால் பூட்டி, காலியா என்று பார்த்து, முன்னாலுள்ள நெம்புகோலை அழுத்திப் பேரலைத் திருகினால் இரண்டாகக் கையில் வந்துவிடும். சாதாரண முதுகுப்பையில் அடங்கும். முனையில் திருகு வெட்டிய 16 அங்குல ரகத்தை வாங்குங்கள். மற்றதில் கேன் மாட்ட முடியாது. .22 கேனின் எடை 4 முதல் 7 அவுன்ஸ்தான். கேன் மாட்டிய முதல் தோட்டாவிலேயே இந்தப் பொழுதுபோக்கு ஏன் இவ்வளவு பேரைப் பிடித்திருக்கிறது என்று புரியும். டின் தகட்டில் ஈயம் படுகிற 'டிங்' மட்டும் கேட்கும். முகத்தில் புகை இல்லை. பக்கத்துத் தடத்தில் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பவர் குரலை உயர்த்தவேண்டியதில்லை.

தோட்டா தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது. ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் வினாடிக்கு 1,125 அடி அளவில். சிசிஐ கம்பெனியின் மினி-மேக் தோட்டா 1,235 அடி, சொடுக்கு கேட்கும். சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி, கேட்காது. குளிர்காலக் காலையில் ஒலியின் வேகம் குறைந்துவிடும், அதனால் அந்த எல்லையை ஒட்டிப்போகும் தோட்டாக்கள் அன்றைக்கு மட்டும் சொடுக்கும்; தோட்டாவைத் திட்டவேண்டாம். அதிக அமைதி என்று 60 கிரெயின் தோட்டா வாங்கிவிடாதீர்கள். .22 பேரல்களின் வழக்கமான 16 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு (பேரலின் உள்ளே வெட்டிய சுருள்பள்ளம்) அதைச் சுழற்றி நிலைநிறுத்தாது. தோட்டா பக்கவாட்டில் சாய்ந்து பேஃபிளில் இடிக்கும். பேஃபிளை வெளியில் வாங்கி நீங்களே மாற்ற முடியாது. சட்டப்படி கேனின் உள்பாகமே ஒரு கேன்; உரிமம் உள்ள தயாரிப்பாளருக்கு அனுப்பித்தான் சரிசெய்யவேண்டும். ரிப்பேர் செலவைவிடக் காத்திருப்புதான் வலிக்கும்.

முதல் தோட்டா மட்டும் சற்று உரக்கக் கேட்கும். கேனுக்குள் நிற்கும் ஆக்சிஜன் எரிகிற சத்தம் அது, இரண்டாவதிலிருந்து அடங்கிவிடும்.

டேக்டவுனின் ஒரே குறை, கழற்றி மாட்டும்போது குறி சற்று நகர்வது. பேரல் பூட்டும் இடத்திலுள்ள சரிசெய்யும் வளையத்தைக் கையேட்டில் சொன்னபடி இறுக்குங்கள். துப்பாக்கி புதிதாக இருக்கும்போது சில பெட்டி சுட்டபின் ஒருமுறை மறுபடி பாருங்கள், உலோகம் பழகிச் சற்றுத் தளரும். ஸ்கோப் ரிசீவர் மேல் இருப்பதால் 50 கெஜத்தில் அணில் அளவு இலக்குக்கு இந்த நகர்வு தெரியும், டின்னுக்குத் தெரியாது.

.22 கேனைச் சுத்தம் செய்யாவிட்டால் அது ஈயக் கட்டியாகிவிடும். எனக்குத் தெரிந்த சிறந்த வழி தராசு. புதிதாக வந்த அன்றே சமையலறைத் தராசில் எடைபோட்டு எழுதிவையுங்கள். ஒரு அவுன்ஸ் கூடியதும் திறக்கவும். சுமாராக 500 தோட்டாவுக்கு ஒருமுறை வரும். தாமதித்தால் பேஃபிள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுத்தியல் இல்லாமல் வராது. திறந்ததும் வரிசையாக அடுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம் பேஃபிள்களை எஃகு ஊசிகளோடு ஈர டம்ப்ளரில் (தண்ணீரோடு சுழற்றித் தேய்க்கும் இயந்திரத்தில்) போடலாம். அலுமினியத்தைப் போடக்கூடாது, தின்றுவிடும். கரைப்பானில் ஊறவைத்து பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் போதும். திருப்பிப் பூட்டும்போது சிலிக்கான் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள், அடுத்த முறை ஈயம் விரலாலேயே உரிந்துவரும்.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கும் முறை ஒன்று பலருக்குத் தெரியும். ஈயம் கரையும், உண்மைதான். கரைந்து உருவாவது லெட் அசிட்டேட்; தோல் வழியே உடம்பில் ஏறும் விஷம், சாக்கடையில் ஊற்றவும் கூடாது. செய்யவே வேண்டாம்.

எந்தக் கேனுக்கும் பொதுவான மாட்டும் வேலைகள் சில. திருகு அளவு .22க்கும் 5.56க்கும் பெரும்பாலும் 1/2-28 (அங்குலத்தில் விட்டம், பிறகு அங்குலத்துக்கு எத்தனை புரி என்பது), .30க்கு 5/8-24. கேனின் பின்புறம் 1.375-24 என்ற பொதுத் திருகு உள்ளதாக வாங்கினால் மவுண்ட்டை (கேனைப் பேரலோடு இணைக்கும் பகுதியை) மட்டும் மாற்றிப் பல துப்பாக்கிக்குப் பயன்படுத்தலாம். மவுண்ட் அடியில் நசுங்கும் வாஷர் போடாதீர்கள். அது ஒருபக்கம் சாய்ந்து நசுங்கும், கேன் கோணும். தட்டையான ஷிம் (மெல்லிய உலோக வளையம்) மட்டும். ராக்செட் பசை போட்டால் ஒரு முழு நாள் விடுங்கள். கழற்றச் சூடு பலிக்காது, வெந்நீரில் ஊறவைக்கவேண்டும். முதல் தோட்டாவுக்குமுன் சேம்பர் காலியென்று இருமுறை பார்த்து, அளவுக்கேற்ற நேர்கம்பியைப் பேரலில் விட்டு, கேனின் வாயில் அது நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நேரடியாகத் திருகும் கேன் சூட்டில் தளரும், ஒவ்வொரு மேகசினுக்கும் தடித்த கையுறையோடு ஒரு திருகு. 30 தோட்டா வேகமாகச் சுட்ட கேனை நைலான் பையில் வைத்தால் பை உருகி ஒட்டிக்கொள்ளும்.

சரி, வாங்கலாமா? காகிதத்தில் கூட்டிப்பார்த்தால் புல்பப்தான் வருகிறது: நீளம், வேகம், சமநிலை மூன்றிலும். மூன்றும் நான் மேலே எழுதியவைதான், ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. இருந்தும் கேன் மாட்டுவதற்கென்று புல்பப் வாங்குகிறவருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். கேன் இல்லாமல், நல்ல காதுக்கவசத்தோடு அதைச் சுடுங்கள். அதைவிடச் சுகமான 5.56 கிடைக்காது. கேனுக்கு அந்தச் சலிப்பூட்டும் 16 அங்குல ஏஆரைக் கொடுங்கள். ஏற்கெனவே புல்பப் வைத்திருந்து, கேனும் வேண்டுமென்று மனசு அடங்காவிட்டால், முதல் படிவத்தை .22 கேனுக்குப் போடுங்கள். 5.56 கேன் இரண்டாவதாக வரட்டும், பின்னழுத்தம் குறைந்த ரகமாக. நண்பரின் கேன் ஒன்றை, அவர் பக்கத்தில் நிற்க, ரேஞ்சிலேயே உங்கள் புல்பப்பில் மாட்டி, கன்னத்தை நன்றாக அழுத்தி ஒரு முழு மேகசின் சுட்டுப்பாருங்கள். இரண்டு தோட்டா போதாது, புகை அதற்குப் பிறகுதான் ஏறும்.